கழற்ற வராத கடற்கன்னி வால்

நீச்சல் குளத்தில் அணிந்துகொண்டு உண்மையாகவே நீந்தக்கூடிய கடற்கன்னி வால் ஒன்றைத் துணியில் தைத்துக்கொள்வது என்று முடிவு செய்தபோது, அதைப் பற்றித் தமிழில் படிக்க எனக்கு எதுவும் அகப்படவில்லை. ஆங்கிலத்தில் ஏராளமாக இருந்தது; ஆனால் பெரும்பாலானவை அமெரிக்காவில் எந்தக் கடையில் எந்தத் துணியை வாங்குவது என்பதில் தொடங்கி, வாலை மாட்டிக்கொண்டு எடுத்த அழகான படத்தில் முடிந்துவிட்டன. கோயம்புத்தூரில் இருப்பவள் அந்தத் துணியை என்ன பெயர் சொல்லிக் கேட்பது, வீட்டுத் தையல் மெஷினில் தையல் ஏன் விட்டு விட்டு விழுகிறது, தண்ணீருக்குள் ஏதாவது சிக்கினால் எப்படிக் கழற்றுவது என்பவற்றுக்கு அங்கே விடை இல்லை. ஒரு கோடைக்காலத்தையும் இருபதாயிரம் ரூபாய்க்கு மேலும் செலவழித்து, ஒரு நாள் நன்றாகப் பயந்தும் போய்த் தெரிந்துகொண்டவற்றை, அடுத்து இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

எனக்கு நாற்பது வயது நெருங்குகிறது. பல ஆண்டுகளாகப் பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் குளத்துக்குப் போய் நீந்தி வருகிறேன். பட்டர்ஃப்ளை நீச்சல் பழகியிருப்பதால், இரண்டு கால்களையும் சேர்த்து இடுப்பிலிருந்து உதைக்கும் டால்பின் கிக் எனக்குப் புதிதல்ல. வாலுக்கு அளவெடுப்பதற்காகத் தரையில் சார்ட் பேப்பரை ஒட்டி விரித்து அதன்மேல் நான் படுத்திருந்ததைப் பார்த்த மாமியார், “பாப்பாவுக்கா கண்ணு தெக்கற?” என்று கேட்டார். எனக்குத்தான் என்றதும் மறுபேச்சு பேசாமல் பென்சிலை வாங்கி, எனக்கு எட்டாத கணுக்கால் பக்கத்துக் கோட்டை அவரே வரைந்து கொடுத்தார். வீட்டில் கிடைத்த அந்த ஒத்துழைப்பு எனக்குள்ளேயே இருந்த கூச்சத்தைப் போக்கிவிடவில்லை. இந்த வயதில் இது என்ன வேலை என்று யாரும் கேட்பதற்கு முன்பே நானே பல இரவுகள் கேட்டுக்கொண்டேன், கேட்டுக்கொண்டேதான் தைத்தேன்.

இந்த ஆசை ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. ஆஸ்திரேலிய நீச்சல் வீராங்கனை அனெட் கெல்லர்மேன் 1910களிலேயே திரைப்படங்களில் கடற்கன்னியாக நீந்தியவர். தன் வால் உடைகளைத் தானே வடிவமைத்து, சிலவற்றைத் தானே தைத்தும் கொண்டார். அமெரிக்காவின் புளோரிடாவில் வீக்கி வாச்சி என்ற ஊற்றில், கடற்படையினருக்கு நீருக்கடியில் நீந்தக் கற்றுக்கொடுத்த நியூட்டன் பெர்ரி 1947இல் தொடங்கிய கடற்கன்னிக் காட்சி இன்றும் நடக்கிறது. அங்கே நீந்துகிற பெண்கள் தண்ணீருக்கடியில் வைத்த குழாயிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொள்வார்கள். அந்தக் குழாயும், பயிற்சியும், பக்கத்தில் நிற்கும் ஆட்களும் படத்தில் தெரிவதில்லை. வால் மட்டுமே தெரிகிறது. வீட்டில் தைப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது என்பதால் சொன்னேன்.

இப்போது வால்கள் பொதுவாக இரண்டு வகையாகக் கிடைக்கின்றன. சிலிக்கோனில் வார்த்தவை பார்ப்பதற்கு மீனே போலிருக்கும். 15 கிலோவுக்கு மேலும் எடை வரும், விலை லட்சத்தைத் தொடும். துணி வால் அதில் சிறு பங்கு செலவில் முடியும். மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். இரண்டிலுமே நீந்த வைப்பது உள்ளே இருக்கும் மோனோஃபின்தான். இரண்டு பாதங்களும் ஒன்றாக நுழையும் அகலமான ஒற்றைத் துடுப்பு அது. துணி அதன் மேல் போர்த்திய உறை மட்டுமே. ஆகவே மோனோஃபினைக் கையில் வாங்கிய பிறகுதான் துணியில் கத்தரி வைக்க வேண்டும். வால் நுனியின் வடிவம், அகலம், பாதம் நுழையும் ஆழம் எல்லாம் அதை வைத்துத்தான் வரும்.

நான் முதலில் போனது துணிக்கு. திருப்பூர் பக்கத்திலேயே இருக்கும்போது துணிக்கு என்ன குறை என்று காதர்பேட்டைக்குப் போனேன். நீச்சல் உடைக்கான லைக்ரா வேண்டும் என்று கேட்டதற்கு, ஒரு கடையில் கடல்பச்சை நிறத்தில் பளபளப்பாக ஒரு ரோலை இறக்கி, “லைக்ராதானுங்க, எப்படி இழுத்தாலும் வருமுங்க” என்று இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார்கள். இழுபட்டது உண்மை. பின்னல் துணி அங்கே மீட்டரில் அல்ல, கிலோவில்தான் விற்கும். இரண்டு கிலோ வாங்கினேன், ஆயிரத்து நூறு ரூபாய் ஆயிற்று. அது லெக்கிங்ஸ் தைக்கும் காட்டன் லைக்ரா. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு பருத்தி, மீதி மட்டுமே இழுபடும் நூலான ஸ்பான்டெக்ஸ். நம் ஊர்க் கடைகளில் இழுபடும் எல்லாவற்றுக்கும் லைக்ரா என்ற ஒரே பெயர்தான். எதனோடு சேர்ந்த லைக்ரா என்று கேட்டால்தான் பதில் வரும். தைத்து முடித்துத் தண்ணீரில் இறங்கிய சில நிமிடங்களில் பருத்தி குடித்த தண்ணீர் துணியைக் கீழே இழுத்தது, முழங்காலில் தொங்கல் விழுந்தது, இடுப்பு நழுவியது. கரையேறும்போது நனைந்த ஜமக்காளத்தை இடுப்பில் கட்டி இழுப்பது போலிருந்தது. அந்த வாலைப் பிரித்துத் தலையணை உறைகளாக்கினேன்.

அதன் பிறகு எந்தத் துணியையும் சில சோதனைகள் செய்யாமல் வாங்குவதில்லை. கால் மீட்டர் அல்லது ஒரு கட் பீஸ் வாங்கி வந்து, ஓரத்து நூலைச் சிறிது உருவித் தட்டில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். நைலானும் பாலியெஸ்டரும் உருகிக் கெட்டியான மணியாக உறையும். அடுத்து, துண்டை எடை போட்டு, அரை மணி நேரம் வாளியில் ஊறவைத்து, சொட்டுவது அடங்கியதும் மறுபடி எடை போடுங்கள். எடை பல மடங்காக ஏறினால் அது வாலுக்கு ஆகாது. மூன்றாவதாக, பத்து சென்டிமீட்டர் தூரத்தில் இரண்டு புள்ளிகள் வைத்து இழுங்கள். குறுக்கே பதினைந்துக்கு நீள வேண்டும். நீளவாக்கிலும் ஓரளவு நீள வேண்டும். விட்டதும் பத்துக்கே திரும்ப வேண்டும். கடைக்காரர்கள் இதை ஃபோர் வே என்பார்கள். ஒரு வாக்கில் மட்டும் இழுபடும் டூ வே துணியில் தைத்த வால் முழங்கால் மடங்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளும். எண்பது பங்கு நைலானும் இருபது பங்கு ஸ்பான்டெக்ஸும் கலந்த, 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) அளவிலான துணி கைக்கு மெத்தென்று இருக்கும், உடம்போடு ஒட்டி நிற்கும். பாலியெஸ்டர் ஸ்பான்டெக்ஸ் சற்று முரடு. ஆனால் குளோரினுக்கு அதிகம் தாங்கும். வாரந்தோறும் குளத்தில் இறங்குவதாக இருந்தால் பாலியெஸ்டரே மேல் என்பது என் முடிவு. ஐம்பத்தெட்டு அங்குல அகலமிருந்தால் முன்பக்கமும் பின்பக்கமும் பக்கத்தில் பக்கத்தில் அடங்கிவிடும்; என் உயரத்துக்கு இரண்டு மீட்டர் போதுமானதாக இருந்தது.

செதில் வேலைப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் யாரும் விடமாட்டார்கள். நடன உடைக்கு விற்கும் மினுமினுப்பான செதில் துணியை எல்லோருக்கும் முதலில் பிடிக்கும், எனக்கும் பிடித்தது. அதன் மினுமினுப்பு மேலே ஒட்டிய ஃபாயில். இழுபடும்போது விரிசல் விட்டு, குளோரின் தண்ணீரில் செதில் செதிலாகவே உதிர்ந்து குளத்து வடிகட்டிக்குப் போகும். அதைப் பார்த்த குளத்து நிர்வாகம் உங்களை இரண்டாம் தடவை உள்ளே விடாது. அச்சிடுவது என்றால், கபடி, கிரிக்கெட் ஜெர்சிகளுக்குத் திருப்பூரில் செய்யும் சப்ளிமேஷன் அச்சு நல்லது. சாயம் நூலுக்குள்ளேயே இறங்கிவிடுவதால் உதிராது. ஆனால் அது பாலியெஸ்டரில்தான் பிடிக்கும். நைலானைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மங்கலாக வந்து துவைக்கத் துவைக்க வெளுக்கும். இன்னொன்று, வெள்ளைத் துணியின் மேல் அச்சிடுவதால், உடம்பில் இழுபடும் இடங்களில், முக்கியமாகப் பின்புறத்திலும் தொடையிலும், உள்ளிருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும். அடர்ந்த நிறத்தைக் கொஞ்சம் கூட்டி அச்சிடச் சொல்வதும், வாலை மிக இறுக்கமாக வெட்டாமலிருப்பதும்தான் இதற்கு வழி. செதில்களின் வளைவு கால் பக்கம் பார்க்கும்படி துணியை விரித்திருக்கிறோமா என்பதை வெட்டும் முன் ஒரு முறை நின்று பாருங்கள். தலைகீழாக வெட்டிய துணியைத் திருப்பித் தைக்க முடியாது.

அளவெடுக்கும் விதம் வருமாறு. மல்லாந்து படுத்து, கால்களை ஒட்டி வைத்து, பாதங்களை விரல் நுனி வரை நீட்டிக்கொள்ள வேண்டும். பாதத்தை நிமிர்த்தி வைத்து நீளம் எடுத்தால், நீந்தும்போது நீளும் பாதத்துக்குத் துணி போதாமல் இடுப்பைக் கீழே இழுக்கும். இடுப்பு, புட்டம், தொடை, முழங்கால், கெண்டைக்கால் என்று கைச்சாண் இடைவெளிக்கு ஒரு சுற்றளவு, இரண்டு கால்களையும் சேர்த்தே எடுக்க வேண்டும். அந்த அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைத்து வெட்டினால் துணி உடம்பைப் பிடித்து நிற்கும். நீளத்தில் எதையும் குறைக்கக் கூடாது. நான் வைத்திருந்த வழிகாட்டியில் கணுக்காலுக்கும் இதே கணக்கைத்தான் சொல்லியிருந்தார்கள்: கணுக்காலின் சுற்றளவை எடு, பத்தில் ஒன்றைக் குறை. மீனுக்கு வால் ஆரம்பிக்கும் இடம் ஒடுங்கி இருப்பதுதானே அழகு. அப்படியே வெட்டினேன். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஒரு அளவுதான். அதைத் தண்ணீர்க் கதையில் சொல்கிறேன்.

தையலுக்குத் தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்தேன். துணியைத் தடவிப் பார்த்து, “இது மெஷின்ல நழுவுமுங்க, நம்மனால ஆகாது” என்று திருப்பித் தந்துவிட்டார். அவர் சொன்னதில் பொய் இல்லை. சாதாரண ஊசி இந்தத் துணியின் கண்ணிகளை விலக்காமல் குத்திக் கிழிக்கும். தையலும் விட்டு விட்டு விழும். பனியன் கம்பெனிகளில் பயன்படுத்தும் பால் பாயின்ட் ஊசி, அல்லது ஸ்ட்ரெச் என்று எழுதிய 75/11 ஊசியை மாட்டியதும் என் வீட்டு மெஷினே அந்தத் துணியை ஒழுங்காகத் தைத்தது. நேர்த்தையல் போடக் கூடாது. துணி நீளும்போது நூல் நீளாமல் பட்டென்று அறுந்துவிடும். அகலம் ஒரு மில்லிமீட்டர், நீளம் இரண்டரை மில்லிமீட்டர் என்ற அளவில் குறுகிய ஜிக்ஜாக் போதும். ஜிக்ஜாக் வராத பழைய பெடல் மெஷினை வைத்திருப்பவர்கள், ஜாப் வொர்க் எடுக்கும் சிறிய யூனிட்டில் நான்கு நூல் ஓவர்லாக் அடித்துத் தரச் சொல்லலாம்; எனக்கு உள்தையல் முழுவதையும் முந்நூறு ரூபாய்க்கு முடித்துக் கொடுத்தார்கள். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் குளோரினில் மக்கும். எந்தத் தையலையும் முதலில் கழிவுத் துண்டில் போட்டு, இரண்டு கையாலும் முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். கையில் அறுவது தண்ணீரிலும் அறும்.

இடுப்புக்கு நாடாவோ கயிறோ வைக்கவே கூடாது. நனைந்த முடிச்சை அவசரத்தில் யாராலும் அவிழ்க்க முடியாது. இரண்டு சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக் போதும். உட்கார்ந்த நிலையில் இரண்டு கட்டைவிரல்களை உள்ளே விட்டு ஒரே இழுப்பில் புட்டத்தைத் தாண்டி இறக்க முடிகிற அளவுக்குத்தான் அது இறுக்கமாக இருக்க வேண்டும். மோனோஃபினை உள்ளே விடுவதற்கு வால் நுனியின் அடிப்பக்கத்தைத் திறந்து வைத்து நைலான் ஜிப் தைத்தேன். உலோக ஜிப் துருப்பிடிக்கும். மோனோஃபின் உள்ளே சுழலாமலிருக்க, அதன் ஓரத்தை ஒட்டி ஒரு வரி தைப்பது நல்லது. நுனிகள் இரண்டும் குளத்து டைலில் உரசி முதலில் ஓட்டை விழும் இடங்கள் என்பதால், அங்கே பை தைக்கும் தடித்த நைலான் துணியை உட்புறம் வைத்துத் தைத்துவிடுங்கள். அதே நுனிகளில் பென்சில் நுழையும் அளவுக்குச் சிறு துளைகளும் விட வேண்டும். வால் நுனிக்குள் அடைபட்ட காற்று தண்ணீரில் இறங்கியதும் கால்களை மேலே தூக்கித் தலையைக் கீழே தள்ளும். கரையேறும்போது அதே இடத்தில் தண்ணீர் அடைபட்டுக் கீழே இழுக்கும். துளைகள் இரண்டுக்கும் வழி விடும். வடிவம் நன்றாக நிற்கட்டும் என்று உள்ளே நியோப்ரீன் என்ற நுரை ரப்பரை வைக்கச் சொல்வார்கள். அது மிதக்கும் பொருள், அதிகம் வைத்தாலும் கால்தான் மேலே வரும். ஸ்பாஞ்சை வைப்பதோ தண்ணீரைச் சுமப்பதோ இரண்டும் ஒன்றுதான்.

மோனோஃபினில்தான் எனக்கு அதிகப் பணம் போயிற்று. கார் நிறுத்துமிடங்களுக்குக் கூரையாகப் போடும் பாலிகார்பனேட் ஷீட்டை வெட்டி, அதன் மேல் ரப்பர் காலணியைத் திருகாணியால் இறுக்கிச் செய்துகொள்ளலாம் என்று பல இடங்களில் சொல்கிறார்கள். உள்ளே குழாய் குழாயாக வெற்றிடமுள்ள ஷீட்டை வாங்கினால் அது உதைக்கும் இடத்தில் மடிந்துவிடும். திண்ணமான மூன்று மில்லிமீட்டர் ஷீட்தான் வேண்டும். அதைத் தேடி வாங்கி, வெட்டுக்கூலி கொடுத்து, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து முடித்தபோது இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகியிருந்தது. அது நன்றாகவே வளைந்தது. ஆனால் திருகாணித் தலைகள் பாதத்தின் மேல்பக்கத்தைத் தேய்த்துப் புண்ணாக்கின. எவ்வளவு தேய்த்தும் ஷீட்டின் ஓரம் உள்ளிருந்தபடியே துணியை அறுத்தது. கடைசியில் வெளிநாட்டிலிருந்து ஆயத்தமான ஒன்றை வரவழைத்தேன். விலை, கூரியர், சுங்க வரி எல்லாம் சேர்ந்து பதினொன்றாயிரம். வரியும் கூரியரும் விலையில் பாதியைத் தொட்டுவிடும் என்பதை எண்ணி வைத்துக்கொண்டு வாங்குங்கள். வாங்கும்போது பார்க்க வேண்டியது நிறமோ அகலமோ அல்ல, கால் நுழையும் இடம். குதிகாலுக்குப் பின்னால் பக்கிள் வைத்து இறுக்கும் வகை கையில் வைத்துப் பார்க்கும்போது உறுதியாகத் தெரியும். வாலுக்குள் போன பிறகு அந்தப் பக்கிள் துணிக்கு உள்ளே இருக்கும், உங்கள் கை வெளியே இருக்கும். மெல்லிய ரப்பர் பட்டை வைத்து, ஒரு காலை மற்றொரு காலால் தள்ளினால் வெளியே வந்துவிடும் வகையே வேண்டும்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். குளத்தின் ஆழம் குறைந்த பக்கத்தில், நாலடித் தண்ணீரில், என்னோடு நீந்தும் தோழி அருகில் நிற்க, புதிய வாலோடு இறங்கினேன். நீந்துவதில் ஒரு குறையும் இல்லை. ஓர் உதைக்கு உடம்பு போன தூரத்தை நம்பவே முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு கழற்றிப் பார்க்கலாம் என்று இடுப்பை உருட்டி இறக்கினேன். முழங்கால் வரை எளிதாக வந்தது. அதன் கீழே துணி உள்வெளியாகத் திரும்பி, கணுக்காலின் அந்த ஒடுங்கிய இடத்தில் இரண்டு குதிகால்களிலும் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. காய்ந்த துணியில் வழுக்கிக்கொண்டு வந்த கால், நனைந்த துணியில் அசையவே இல்லை. இழுக்க இழுக்க இறுகியது. நாலடித் தண்ணீர்தானே, எழுந்து நின்றுவிடலாம் என்று தோன்றும். கால்கள் கட்டுண்டு, பாதத்தில் ஒரு பலகையும் மாட்டியிருக்கும்போது நிற்க முடியாது. குனிந்து காலைப் பிடித்தால் முகம் தண்ணீருக்குள் போகிறது, முகத்தைத் தூக்கினால் கை காலுக்கு எட்டவில்லை. தோழி என் அக்குளில் கைகொடுத்துப் படிக்கட்டுக்கு இழுத்துப் போய் உட்காரவைத்து, வால் நுனி ஜிப்பைத் திறந்து மோனோஃபினை உருவிய பிறகுதான் கால் வெளியே வந்தது. முழுவதும் ஒரு நிமிடத்துக்குள் நடந்திருக்கும். அன்று இரவு தூக்கம் வரவில்லை. பயம் எழுந்தது அப்போதுதான். தண்ணீரில் இருந்தபோது எரிச்சல்தான் இருந்தது.

கணுக்காலில் அளவெடுக்கக் கூடாது. இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து, குதிகாலின் பின்முனையிலிருந்து பாதத்தின் மேல் வளைவு வரை சாய்வாகச் சுற்றி எடுக்கும் அளவே அந்த இடத்துக்கு உரியது, அதில் ஒரு சென்டிமீட்டரையும் குறைக்கக் கூடாது. பக்கங்களில் முக்கோணத் துண்டுகள் வைத்து வாலை விரித்துத் தைத்தேன். பார்வைக்குச் சற்றுத் தடித்துத்தான் போயிற்று. பிறகு வீட்டில், வாலையும் என் கால்களையும் குளியலறையில் நனைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி கழற்றிப் பழகினேன். இடுப்பை முழங்கால் வரை உருட்டுவது, ஒரு காலால் மற்றொன்றைத் தள்ளிப் பாதங்களை மோனோஃபினிலிருந்து விடுவிப்பது, அதன் பிறகே துணியிலிருந்து கால்களை உருவுவது என்பதுதான் வரிசை. பாதம் விடுபடாமல் துணியை இழுத்தால் எந்த வாலும் மாட்டும். ஐந்து எண்ணுவதற்குள் முழுவதும் கழன்றால்தான் தண்ணீரில் இறங்குவது என்று வைத்திருக்கிறேன். காய்ந்த துணியில் செய்யும் ஒத்திகைக்கு மதிப்பில்லை.

குளத்து நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கனடாவின் எட்மன்டன் நகரக் குளங்களில் 2015இலேயே கடற்கன்னி வால்களுக்குத் தடை போட்டார்கள். வேறு நாடுகளிலும் பல குளங்கள் அனுமதிப்பதில்லை. நம் ஊரில் எழுத்தில் விதி இருக்காது, பார்த்தவுடன் வேண்டாம் என்பார்கள். நான் வாலைக் கையில் கொண்டுபோய், உயிர்காப்பாளர் முன்னால் படியில் உட்கார்ந்து மாட்டிக் கழற்றிக் காட்டினேன். கூட்டமில்லாத நேரத்தில், தோழி கூட இருந்தால் மட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த நிபந்தனை நியாயமானது. குளத்தங்கரையில் வாலோடு நடக்க முடியாது என்பதால், விளிம்பில் உட்கார்ந்து கால்களை நனைத்துக்கொண்டே மாட்ட வேண்டும்; மே மாத வெயிலில் அந்த டைல் எப்படிச் சுடும் என்பது தெரிந்தவர்கள் ஒரு ஈரத்துண்டை விரித்துக்கொள்வார்கள்.

மூச்சைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுதக் கூடாது. வால் மாட்டியவர்கள் எல்லோருக்கும் நீருக்கடியில் இன்னும் கொஞ்சம் போகலாம் என்ற ஆசை வரும். அதற்காக வேகவேகமாக ஆழ்ந்து மூச்சிழுத்துவிட்டு மூழ்குவது உயிருக்கு ஆபத்து. மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவது உடம்பில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. வேகமாக மூச்சு விடும்போது அது வெளியேறிவிடுவதால், ஆக்சிஜன் தீர்ந்த பிறகும் மூச்சு முட்டாது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு போய்விடும், இடுப்பளவுத் தண்ணீரிலும் போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கே இது அதிகம் நேர்கிறது, அவர்கள்தான் அவ்வளவு நேரம் அடக்குகிறார்கள். ஆகவே ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலே கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இருவரும் ஒரே நேரத்தில் மூழ்கக் கூடாது. கடலுக்கு நான் இதை எடுத்துப் போனதில்லை, போவதாகவும் இல்லை. அலையும் மணலும் இழுப்பும் உள்ள இடத்தில் கால்களைக் கட்டிக்கொண்டு இறங்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

பராமரிப்பு பெரிய வேலையல்ல. குளத்திலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி ஒற்றி நிழலில் உலர்த்த வேண்டும். குளோரினும் வெயிலும் சேர்ந்தால் ஸ்பான்டெக்ஸ் தளர்ந்து போகும். மோனோஃபினைக் கழற்றித் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும்.

பாழான காட்டன் லைக்ரா, ஃபாயில் துணி, பாலிகார்பனேட், கடைசியாகத் தைத்த பாலியெஸ்டர், அதில் அச்சுக்கூலி, மோனோஃபின், திருப்பூர் போய்வந்த செலவு எல்லாம் சேர்த்துப் பார்த்ததில் இருபத்தோராயிரம் வந்தது. இப்போது இன்னொன்று தைப்பதாக இருந்தால், மோனோஃபின் நீங்கலாக இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள் முடியும்.

பக்கத்து வீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தைக்கு ஒன்று தைத்துத் தரக் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். கை உதவியோடு மட்டும், கால்களைச் சேர்த்து வைத்தபடி, மல்லாந்து சில நிமிடங்கள் மிதந்து கரைக்கு வரத் தெரியாத யாருக்கும், பெரியவரோ சிறியவரோ, வால் தைத்துத் தருவதில்லை என்று சொன்னேன். “அப்ப அவ அழுவாளேங்க” என்றார் அவள் அம்மா. பாழான ஃபாயில் துணி மிச்சம் கிடந்தது. அதில், முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் பிளவு விட்டு, பாதங்கள் வெளியே இருக்கும்படி ஒரு பாவாடை தைத்து, பின்னால் ஒரு வால் நுனியை மட்டும் தொங்கவிட்டுக் கொடுத்தேன். தண்ணீருக்குப் போகாத துணி என்பதால் அதன் மினுமினுப்பு உதிரவும் இல்லை.